வாரம் ஒரு வகுப்பு, மீதி ஆறு நாள்: பியானோ கற்கத் தொடங்குவோருக்கு

பியானோ ஆசிரியர் உங்கள் பக்கத்தில் இருப்பது வாரத்துக்கு அரை மணியோ ஒரு மணியோதான். வாசிப்பு விரலில் ஏறுவது அந்த நேரத்தில் அல்ல. அடுத்த வகுப்பு வரையிலான ஆறு நாள், வீட்டில் தனியாக உட்காரும் அந்த இருபது முப்பது நிமிடங்களில்தான் ஏறுகிறது. ஆகவே எந்தக் கருவி வாங்குவது, யாரிடம் போவது, எப்போது வாசிப்பது என்று எதை முடிவு செய்தாலும் ஒரே கேள்வியை முன்னால் வையுங்கள்: நாளைக்கு நான் தனியாக உட்காரும்போது என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெளிவாகத் தெரியுமா? தெரியாமல் உட்காருகிறவர், நன்றாக வரும் முதல் நான்கு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு எழுந்துவிடுவார். பாதியில் நிறுத்துகிறவர்கள் பலரை நிறுத்த வைப்பது இதுதான். திறமைக் குறைவு என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்; அது உண்மையில்லை.

கருவி

முழு பியானோவில் 88 கட்டைகள்: வெள்ளை 52, கறுப்பு 36. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எழுந்து கம்பியைத் தட்டுகிறது. எவ்வளவு வேகமாக அழுத்துகிறோமோ அவ்வளவு உரத்த ஒலி. மெல்ல வாசிப்பது, ஓங்கி வாசிப்பது, ஒரு கையைப் பின்னுக்குத் தள்ளி மற்றதைப் பாட வைப்பது எல்லாமே சுத்தியலின் கனத்தையும் இந்த வேகத்தையும் கையாளும் வித்தை. கடைகளில் அதிகம் விற்கும் 61 கட்டை கீபோர்டில் சுத்தியல் கிடையாது. கட்டைக்கு அடியில் ஸ்பிரிங்தான் இருக்கும். அதிலேயே இரண்டு மூன்று வருடம் பழகிய குழந்தை தேர்வுக்கூடத்தில் நிஜ பியானோவில் உட்கார்ந்தால், மெல்ல வாசிக்க வேண்டிய இடங்களில் சில ஸ்வரம் ஒலிக்கவே ஒலிக்காது. கட்டை கீழே போயிருக்கும். கம்பியைத் தொடும் அளவுக்கு சுத்தியலுக்கு விசை கிடைத்திருக்காது.

முதல் மூன்று நான்கு மாதத்துக்கு கீபோர்டு போதும். ஆனால் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறும் 'டச் சென்சிட்டிவ்' வகையாக இருக்க வேண்டும். தொடர்வது உறுதி என்று தெரிந்ததும், 88 கட்டையும் கனமுள்ள 'ஹேமர் ஆக்‌ஷன்' டிஜிட்டல் பியானோவுக்கு மாறிவிடுங்கள். யமஹாவின் பி வரிசை, ரோலண்டின் எஃப்பி வரிசை, கேசியோவின் சிடிபி வரிசை ஆகியவற்றில் தொடக்க மாடல்களே போதுமானவை. நூற்றுக்கணக்கான டோன், ரிதம் என்று விளம்பரம் செய்யும் கருவிக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்க வேண்டாம். அந்தப் பணம் கட்டையின் கனத்துக்குப் போகட்டும்.

கீபோர்டிலிருந்து வருகிறவர்கள் உடனே விட வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு: ட்ரான்ஸ்போஸ் பட்டன், அதாவது அதே கட்டைகளை அழுத்தினாலும் சுருதியை மட்டும் மாற்றித் தரும் பட்டன். பாட்டு எந்தச் சுருதியில் இருந்தாலும் பட்டனைத் தட்டிவிட்டு, வெள்ளைக் கட்டைகள் மட்டும் வரும் சி மேஜரிலேயே வாசிப்பவருக்குக் கறுப்புக் கட்டைகள் கடைசிவரை அந்நியமாகவே இருக்கும். நிஜ பியானோவில் அந்தப் பட்டன் இல்லை.

ஸ்டாண்டிலும் நாற்காலியிலும் சிக்கனம் பார்ப்பதுதான் அதிகம் கெடுக்கிறது. பெருக்கல் குறி வடிவ ஸ்டாண்ட் உரத்து வாசிக்கும்போது ஆடும், முழங்காலும் இடிக்கும். மேசை போல நான்கு கால் உள்ள ஸ்டாண்ட் வாங்குங்கள். வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி பெரும்பாலும் தாழ்வாக இருக்கும். உட்கார்ந்து கையைக் கட்டைமேல் வைத்தால் முழங்கை கட்டையின் மட்டத்தில், அல்லது ஒரு விரல்கடை மேலே இருக்க வேண்டும். தாழ்வாக உட்கார்ந்தால் மணிக்கட்டு தொங்கும், தோள் தூக்கிக்கொள்ளும், அரை மணியில் கழுத்து வலிக்கும். உயரம் கூட்ட மெத்தென்ற தலையணை வைக்காதீர்கள், அது அமுங்கும். ஒட்டுப்பலகையோ கெட்டியாக மடித்த ஜமக்காளமோ வையுங்கள். குழந்தையின் கால் தரையில் எட்டாவிட்டால் ஒரு மணைப்பலகை போடுங்கள். கால் தொங்கினால் உடம்பின் எடையைத் தாங்க இடுப்பு இறுகும், அந்த இறுக்கம் விரல்வரை வரும். இருக்கையின் முன்பாதியில் உட்காருவதும் இதே காரணத்துக்காகத்தான்.

பழைய நிஜ பியானோ மலிவாகக் கிடைக்கிறதென்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் ட்யூனர் (சுருதி சேர்ப்பவர்) ஒருவரை அழைத்துப் போய்க் காட்டுங்கள். கம்பியைப் பிடித்திருக்கும் முளைகள் தளர்ந்திருக்கின்றனவா, ஒலிப்பலகையில் வெடிப்பு உண்டா, சுத்தியலின் கம்பளியைப் பூச்சி தின்றிருக்கிறதா, கம்பியில் துரு ஏறியிருக்கிறதா என்று அவர் பார்ப்பார். ஏ என்ற ஸ்வரத்தைப் பொதுச் சுருதியான 440 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் கம்பி தாங்காது என்று அவர் சொன்னால் அந்தப் பியானோவை விட்டுவிடுங்கள், எவ்வளவு அழகான மரமாக இருந்தாலும் சரி. சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் மரம் ஊதிக் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். வெளிச்சுவரை ஒட்டியும், ஜன்னலுக்குக் கீழும், ஏசி காற்று நேராகப் படும் இடத்திலும் பியானோவை வைக்கக் கூடாது. வருடத்துக்கு இரண்டு முறையாவது சுருதி சேர்க்க வேண்டும். இந்தச் செலவை வாங்கும்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் போவது

ஆசிரியரின் பட்டயங்களைவிட, ஒரு சோதனை வகுப்பில் அவர் என்ன செய்கிறார் என்பது அதிகம் சொல்லும். பார்க்க வேண்டியவை இவை. மாணவரின் கையைப் பார்க்கிறாரா, புத்தகத்தை மட்டும் பார்க்கிறாரா? தவறு வந்ததும் 'மறுபடி வாசி' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறாரா, இல்லை ஏன் வந்தது என்று சொல்கிறாரா? 'நான்காம் விரல் வர வேண்டிய இடத்தில் மூன்றாம் விரல் வந்துவிட்டது, அதனால் அடுத்த ஸ்வரத்துக்கு விரல் மிஞ்சவில்லை' என்று சொல்லத் தெரிந்தவர் நல்ல ஆசிரியர். வகுப்பு முடிவில் வீட்டுப்பாடத்தை நோட்டில் எழுதுகிறாரா? அவரே வாசித்துக் காட்டுகிறாரா? 'இந்தப் பக்கத்தை அடுத்த வாரத்துக்குள் பழகிக்கொண்டு வா' என்று மட்டும் சொல்லி அனுப்பும் ஆசிரியரிடம், எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும், தொடக்க மாணவர் தடுமாறிப் போவார்.

ஆறேழு வயதுக் குழந்தைக்கு 30 நிமிட வகுப்பு போதும்; பத்து வயதுக்கு மேல் 45; பெரியவர்களுக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் என்ற ஏற்பாடு வேண்டாம். தவறான விரலோடு பதினான்கு நாள் பழகிவிட்டால், அதைப் பிரித்தெடுக்க இன்னொரு மாதம் ஆகும். மாதக் கட்டணத்தில் எத்தனை வகுப்பு, நீங்கள் வராவிட்டால் என்ன, ஆசிரியர் வராவிட்டால் என்ன, ஐந்தாவது வாரம் வரும் மாதத்தில் என்ன என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். பின்னால் மனத்தாங்கல் வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இணைய வழி வகுப்பென்றால் போனை முகத்துக்கு எதிரே வைக்காதீர்கள். வலப்பக்கத்தில், தோள் உயரத்தில், கட்டைகளும் இரண்டு கைகளும் முழங்கையும் தெரியும்படி வையுங்கள். ஜூம் போன்ற செயலிகள் பேச்சுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இரைச்சல் என்று வெட்டிவிடும். நீண்டு ஒலிக்க வேண்டிய ஸ்வரம் பாதியில் அறுந்து கேட்கும். ஜூமின் ஒலி அமைப்பில் இசைக் கலைஞர்களுக்கென்று 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற தேர்வு இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள். ஒலி தாமதமாகப் போவதால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. அதை ஈடுகட்ட, ஆசிரியர் ஒரு கையை மட்டும் பதிவு செய்து அனுப்பினால் வீட்டில் அதோடு சேர்ந்து வாசிக்கலாம்.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு

நம் வீடுகளில் பியானோவுக்கு வரும் குழந்தைகள் பலர் ஏற்கெனவே சரளி வரிசை பாடியவர்கள். அது பெரிய பலம். ஆனால் ஒரே ஒரு இடத்தில் குழப்பும். நமக்கு ஸ என்பது இடம் மாறும்: ஒரு கட்டை சுருதியிலும் பாடலாம், ஐந்து கட்டை சுருதியிலும் பாடலாம். மேற்கத்திய எழுத்துப் பெயர்கள் மாறாது. ஒரு கட்டை எப்போதும் சி, இரண்டு டி, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. ஒன்றரைக் கட்டை என்பது சி ஷார்ப், அதாவது சி-க்கு அடுத்து மேலே உள்ள கறுப்புக் கட்டை. இதைப் புரியவைக்காமல், சி-க்கு மேலே ஸ, டி-க்கு மேலே ரி என்று புத்தகத்தில் எழுதிக்கொடுத்தால், சி மேஜரில் இருக்கும்வரை ஓடும். ஜி மேஜர் பாட்டு வந்ததும் கவிழும்.

புரியவைக்கும் வழி எளிது. ஒரு கட்டையை, அதாவது சி-யை, ஸ-வாக வைத்து வெள்ளைக் கட்டைகளில் மட்டும் மேலே போனால் சங்கராபரணம். அதுதான் சி மேஜர். ஐந்து கட்டையை, அதாவது ஜி-யை, ஸ-வாக வைத்து அதே சங்கராபரணத்தைப் பாடச் சொல்லுங்கள். நி வரும்போது வெள்ளை எஃப் பொருந்தாது, கறுப்பு எஃப் ஷார்ப் தேவைப்படும் என்பதைக் குழந்தையின் காதே கண்டுபிடிக்கும். ஜி மேஜரில் ஏன் ஒரு ஷார்ப் வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை. கமகத்தை மட்டும் பியானோவில் தேடாதீர்கள். இரண்டு கட்டைக்கு நடுவே ஒலி கிடையாது.

சினிமாப் பாட்டைக் காதால் கேட்டு வாசிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தத் திறமையை எந்த ஆசிரியர் சொன்னாலும் கைவிடாதீர்கள். அதே நேரத்தில், நோட்டில் ஆங்கில எழுத்துகளை வரிசையாக எழுதிவைத்து வாசிப்பதையும், திரையில் வண்ணக் கட்டங்கள் மேலிருந்து விழும் வீடியோவைப் பார்த்து வாசிப்பதையும் நம்பியிருக்காதீர்கள். எழுத்து வரிசையில் ஒவ்வொரு ஸ்வரமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது இல்லை. வீடியோவில் எந்த விரல் என்பது இல்லை. இந்த இரண்டும் இல்லாமல் பழகியது வேகம் கூடும்போது உடையும்.

வகுப்பிலிருந்து என்ன எடுத்து வருவது

ஒரு நோட்டு வையுங்கள். வகுப்பு முடியும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கச் சொல்லி, நான்கு விஷயங்களை எழுதி வாங்குங்கள்: எந்த பார்கள் (இசைத்தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ள பகுதி ஒரு பார்), எந்தக் கை, எந்த விரல், மெட்ரோனோமில் (சீராகத் தட்டி வேகம் காட்டும் கருவி) எந்த வேகம். 'மினியூட், 1 முதல் 8, வலது கை மட்டும், கிராட்செட் 60' என்று எழுதியிருந்தால் அது பாடம் (கிராட்செட் 60 என்றால் நிமிடத்துக்கு 60 அடி). 'மினியூட் பழகவும்' என்று எழுதியிருந்தால் நீங்களே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்; மிஸ் கோபித்துக்கொள்ள மாட்டார். அனுமதி கேட்டு, அவர் அந்தப் பகுதியை வாசிப்பதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஆறு நாளில் எந்த நாளையும் விடலாம், முதல் நாளை மட்டும் விடாதீர்கள். வகுப்பு முடிந்த அன்று மாலையோ மறுநாள் காலையோ பத்து நிமிடமாவது உட்காருங்கள். ஆசிரியர் சொன்னது அப்போதுதான் நினைவில் இருக்கும். மூன்று நாள் கழித்து உட்கார்ந்தால் நோட்டில் எழுதியிருப்பதன் பொருளே மறந்திருக்கும். வகுப்புக்கு முந்தின இரவு ஒன்றரை மணி நேரம் அடித்துத் தள்ளுவதால் பயன் இல்லை. அடுத்த நாள் காலை கை நினைவு வைத்திருப்பது அந்த அவசரத்தில் வந்த தவறுகளையும் சேர்த்துத்தான்.

எவ்வளவு நேரம்? தொடக்கத்தில் குழந்தைக்கு 15 முதல் 20 நிமிடம், பெரியவருக்கு 30. ஒன்றாக உட்கார முடியாவிட்டால் இரண்டாகப் பிரியுங்கள். காலை பத்து, மாலை பத்து என்பது பல குழந்தைகளுக்கு இன்னும் நல்லது. கடிகார நேரத்தைவிட, தினமும் நடக்கும் ஒரு வேலையோடு கோத்துவிடுவது நிற்கும்: பள்ளியிலிருந்து வந்து பால் குடித்ததும், அல்லது விளக்கேற்றியதும். கருவியைப் போர்த்தி மூடி, அதன்மேல் துணிமணி அடுக்கிவைக்கும் வீட்டில் சாதகம் நடக்காது. புத்தகம் திறந்தபடி, பென்சில் பக்கத்தில், நாற்காலி இழுத்தபடி இருக்கட்டும்.

அந்த இருபது நிமிடம்

முதலில் ஸ்கேல் (ஆரோகணம் அவரோகணம் போல ஏறி இறங்கும் ஸ்வர வரிசை), மூன்று நிமிடம். பழகும் பாட்டு எந்த ஸ்கேலில் இருக்கிறதோ அதையே வாசியுங்கள். ஜி மேஜரை எடுத்துக்கொள்வோம். கட்டை விரல் 1, சுண்டு விரல் 5. வலது கை மேலே போகும்போது 1 2 3 1 2 3 4 5. இடது கை 5 4 3 2 1 3 2 1. வலது கையில் பி-க்கும் சி-க்கும் நடுவே கட்டை விரல் அடியில் நுழைகிறது. இடது கையிலோ டி-க்கும் இ-க்கும் நடுவே மூன்றாம் விரல் மேலாகத் தாண்டுகிறது. தாண்டும் இடம் இரண்டு கைக்கும் வேறு வேறு என்பதால்தான் சேர்த்து வாசிக்கும்போது எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். தனித்தனியாக ஒரு வாரம் வாசித்துவிட்டு, பிறகு சேர்க்கும்போது அந்த இரண்டு இடங்களில் மட்டும் நின்று, விரலைப் பார்த்து, மேலே போங்கள். கட்டை விரல் அதன் நகத்தோரத்தில் பட வேண்டும். தட்டையாகப் படுத்தால் மணிக்கட்டு இறங்கும்.

அடுத்து புதிய பார்கள்: பத்துப் பன்னிரண்டு நிமிடம். இதுதான் அன்றைய உண்மையான வேலை. தொடக்க மாணவர் எல்லோர் கையிலும் ஒருநாள் வந்து சேரும் ஜி மேஜர் மினியூட்டை (மினியூட் ஒரு பழைய நடன இசை) எடுத்துக்கொண்டு பார்க்கலாம். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தன் மனைவி அன்னா மாக்டலேனாவுக்காக 1725-ல் தொடங்கிய நோட்டில் இருந்ததால் நெடுங்காலம் பாக் பெயரிலேயே அச்சானது. எழுதியவர் கிறிஸ்டியன் பெட்ஸோல்ட். பாருக்கு மூன்று அடி, மொத்தம் 32 பார்.

வலது கை முதல் பார் டி, பிறகு ஜி ஏ பி சி. இரண்டாம் பார் டி, ஜி, ஜி. இதுவரை கை ஒரே இடத்தில் இருக்கிறது: ஜி-யில் கட்டை விரல், டி-யில் சுண்டு விரல். மூன்றாம் பார் இ, பிறகு சி டி இ எஃப் ஷார்ப். நான்காம் பார் மேல் ஜி. இங்கே கை முழுவதும் இடம் மாறியாக வேண்டும். இ-யில் மூன்றாம் விரலை வைத்தால், சி-யில் கட்டை விரல் தானாக அமையும். 1 2 3 4 என்று ஏறி ஜி-யில் சுண்டு விரல் வரும். இ-யை அவசரத்தில் சுண்டு விரலால் அடித்தவருக்கு மேல் ஜி-க்கு விரல் மிஞ்சாது, அங்கே நின்றுவிடுவார். அவர் நினைப்பார், நான்காம் பார் கஷ்டம் என்று. கோளாறு இருப்பது இரண்டாம் பாரின் கடைசி ஜி-யிலிருந்து மூன்றாம் பாரின் இ-க்குப் போகும் அந்தத் தாவலில். பழக வேண்டியது அந்த இரண்டு ஸ்வரம் மட்டும். ஜி, இ; ஜி, இ. கண்ணை மூடிக்கொண்டும் சரியாக விழும்வரை. பிறகு முன்னால் ஒரு ஸ்வரம், பின்னால் ஒரு ஸ்வரம் சேர்த்து அகலப்படுத்துங்கள். எந்தப் பாட்டில் எங்கே நின்றாலும் இதே முறைதான்: நின்ற இடத்துக்கு ஒரு படி முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள்.

இடது கையில் இரண்டாம், மூன்றாம் பார்களில் ஒரே ஸ்வரம் மூன்று அடியும் நிற்க வேண்டும். வலது கை ஓடும்போது இடது கை தன்னையறியாமல் எழுந்துவிடும். வாய்விட்டு ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினால் இது உடனே தெரியும். எண்ணிக்கொண்டே வாசிக்க முடியவில்லை என்றால் வேகம் அதிகம் என்று பொருள்.

வேகத்தை இப்படி ஏற்றுங்கள். கிராட்செட் 60-ல் நான்கு பாரை எடுங்கள். இடப்பக்கம் ஐந்து புளியங்கொட்டை. பிழையில்லாமல் ஒருமுறை வாசித்தால் ஒன்றை வலப்பக்கம் நகர்த்துங்கள். தவறு வந்தால் எல்லாம் இடப்பக்கம் திரும்பும். ஐந்தும் வலப்பக்கம் சேர்ந்தபின் மெட்ரோனோமை 64-க்கு ஏற்றுங்கள், பிறகு 68. இரண்டு மூன்று முறை தொடர்ந்து தவறினால் 10 குறையுங்கள். அதே வேகத்தில் முட்டிக்கொண்டிருப்பது தவறைத்தான் பயிற்றுவிக்கும். மூன்று காலத்தில் வரிசை பாடிப் பழகியவர்களுக்கு முதல் காலத்தின் அருமை தெரியும், அதே பொறுமைதான் இதற்கும் வேண்டும்.

பகுதியை எடுக்கும்போது இரண்டு நுட்பம். ஒன்று, நான்கு பார் என்றால் ஐந்தாம் பாரின் முதல் ஸ்வரம்வரை வாசித்து நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பகுதிக்குள் எல்லாம் சரியாக இருக்கும், ஒட்டும் இடம் மட்டும் விட்டுப்போகும். இரண்டு, எப்போதும் முதலிலிருந்து தொடங்காதீர்கள். கடைசி நான்கு பாரிலிருந்து பின்னோக்கிப் பழகுங்கள். அப்போது பாட்டு போகப் போகத் தெரிந்த இடத்துக்கு வந்து சேரும், மேடையில் கை நடுங்குகிறவர்களுக்கு இது பெரிய துணை.

இரண்டு கையையும் சேர்ப்பது தனி வேலை. தனித்தனியாக 80-ல் வந்தால், சேர்க்கும்போது 50-ல் தொடங்குங்கள். ஒரு அடி வாசித்து நிறுத்துங்கள், அடுத்த அடிக்கான விரல்களைக் கட்டைமேல் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு அழுத்துங்கள். இங்கே பதற்றமே எதிரி.

ஒலியை நீட்டும் கால் பெடலை முதல் ஆறு மாதம் தொடாமலிருப்பது நல்லது. அழுக்கு வாசிப்பை அது மூடி மறைக்கும். தொடங்கும்போது வரிசை முக்கியம்: புதிய கார்டை (சேர்த்து அழுத்தும் ஸ்வரங்களை) அழுத்தும் அதே கணத்தில் பெடலை விடுங்கள், ஒலி தெளிந்ததும் மறுபடி மிதியுங்கள். கார்டும் பெடலும் சேர்ந்து கீழே போனால் பழைய ஒலியும் புதியதும் கலந்து கசங்கும். குதிகால் தரையை விட்டு எழக்கூடாது. டிஜிட்டல் கருவியோடு தரும் சிறு சதுரப் பெடல் டைல்ஸ் தரையில் நழுவிப் போகும், அடியில் ஒரு ரப்பர் விரிப்பு போடுங்கள்.

மீதி ஐந்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் சைட் ரீடிங்: இதுவரை பார்க்காத, உங்கள் நிலைக்கு இரண்டு படி கீழான நான்கு பார். தவறினாலும் நிற்காமல் ஒரே முறை. கடைசி மூன்று நிமிடம் ஏற்கெனவே நன்றாக வரும் பாட்டை முழுதாக, ரசித்து வாசியுங்கள். இதைக் கட்டாயம் வையுங்கள்.

வலி வந்தால் நிறுத்துங்கள். பழகினால் சரியாகும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். களைப்பு வேறு, மணிக்கட்டிலும் முன்கையிலும் சுரீரென்ற வலி வேறு. பெரும்பாலும் காரணம் தாழ்ந்த இருக்கை, தூக்கிய தோள், அழுத்திய பிறகும் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பது, வெட்டாத நகம். நகம் நீளமாக இருந்தால் விரல் வளையாமல் தட்டையாகப் படும். ஓய்வெடுத்தும் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கிரேடு தேர்வுகள்

லண்டனைச் சேர்ந்த இசைத் தேர்வு அமைப்புகளான டிரினிட்டி காலேஜ் லண்டனும் ஏபிஆர்எஸ்எம்மும் நடத்தும் தேர்வுகளுக்கு இங்கே நிறையப் பேர் அமர்கிறார்கள். இரண்டிலும் இனிஷியல் தொடங்கி எட்டாம் கிரேடுவரை. டிரினிட்டியில் 100-க்கு 60 தேர்ச்சி, 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். ஏபிஆர்எஸ்எம்மில் 150-க்கு 100, 120, 130. தேதி குறித்தபின் நாள்தோறும் ஒழுங்காக உட்காரத் தேர்வு உதவுகிறது என்பது உண்மை. ஆனால் வருடம் முழுக்க மூன்று பாட்டு மட்டும் வாசித்துத் தேர்ச்சி பெற்ற குழந்தைக்கு நான்காவது பாட்டை வாசிக்கத் தெரியாது. தேர்வுப் பாட்டுகள் தவிர வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சிறு பாட்டுகளாவது கையில் ஏற வேண்டும் என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

டிரினிட்டியின் நேரடித் தேர்வில் ஐந்தாம் கிரேடுவரை துணைப் பிரிவுகள் நான்கில் இரண்டைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், பலர் சைட் ரீடிங்கைத் தொடாமலே தாண்டிவிடுகிறார்கள். ஆறாம் கிரேடில் அது கட்டாயமாகிறது. அங்கே வந்து நிற்கிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும், வாசிக்கும் கை ஆறாம் கிரேடு, படிக்கும் கண் இரண்டாம் கிரேடு. முன்பு சொன்ன அந்த இரண்டு நிமிடத்தை இனிஷியலிலிருந்தே செய்து வந்தால் இந்த நிலை வராது. ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாம் கிரேடு செய்முறைக்குப் போக ஐந்தாம் கிரேடு தியரியோ, அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கும் வேறு தேர்வோ தேவை. அதற்கு முந்தின வருடமே தியரியைத் தொடங்கிவிடுங்கள்.

விட்டுப்போகும் நாட்கள்

பள்ளித் தேர்வு, கல்யாணம், காய்ச்சல், ஊருக்குப் போவது என்று நாள் தவறத்தான் செய்யும். தவறிய நாளை மறுநாள் இரட்டிப்பாக்கி ஈடுகட்டாதீர்கள். வழக்கமான இருபது நிமிடத்துக்கே திரும்புங்கள். பிப்ரவரி, மார்ச் போன்ற நெருக்கடி மாதங்களில் வகுப்பை நிறுத்துவதைவிட, ஆசிரியரிடம் சொல்லிப் பாடத்தைச் சுருக்குங்கள்: ஒரு ஸ்கேல், நான்கு பார், ஒரு பழைய பாட்டு, பத்து நிமிடம். அடுக்ககத்தில் இரவுதான் நேரம் கிடைக்கிறதென்றால் ஹெட்போன் போடலாம். ஆனால் வாரத்தில் ஓரிரு நாளாவது அறையில் ஒலிக்க வாசியுங்கள், காதுக்குள் மட்டும் கேட்டுப் பழகியவர்கள் அறையை நிறைக்கும் அளவுக்கு வாசிக்கத் தயங்குவார்கள். டிஜிட்டல் கருவியின் அடியில் கனமான விரிப்பு போட்டால் கட்டை இடிக்கும் சத்தம் கீழ்வீட்டுக்குப் போகாது.

ஒரு மாதத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால், விட்ட பாட்டில் தொடங்காதீர்கள். அதற்கும் முந்தின, எளிதான பாட்டை எடுத்து, பாதி வேகத்தில் இரண்டு நாள் வாசியுங்கள். மூன்றாம் நாள் விட்ட பாட்டைத் தனித்தனிக் கையாகப் பார்த்து, எந்தெந்த பாரில் விரல் மறந்திருக்கிறது என்று பென்சிலால் வட்டமிடுங்கள். வகுப்புக்குப் போகும்போது முழுப் பாட்டையும் வாசித்துக் காட்ட வேண்டாம். வட்டமிட்ட பார்களைக் காட்டி, அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.